கொத்தனார் வருவதற்கு முன்னால்: வாடகை வீட்டில் பராமரிப்பு வேலை – வாசகர் கேள்வி பதில்

"பைப் ஒழுகுது, ஓனர் ஆள் அனுப்புறாங்க" என்று தொடங்கி, "வீட்டைக் கழுவியே ஓய்ஞ்சு போயிட்டோம்" என்று முடியும் கடிதங்கள் டெல்டா மாவட்டங்களிலிருந்து நிறைய வந்திருக்கின்றன. கட்டட வேலை, பிளம்பிங், வாடகைச் சட்டம் ஆகியவற்றில் பழக்கப்பட்டவர்கள் சேர்ந்து பதில் தந்திருக்கிறோம். எல்லாப் பதிலுக்கும் அடிப்படை ஒன்றுதான்: குப்பையைப் பற்றி வேலை தொடங்குவதற்கு முன்பே பேசிவிட வேண்டும். சிமெண்ட் இறுகிய பிறகு கோபப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

கேள்வி: மூன்றாவது மாடி ஃபிளாட்டில் வாடகைக்கு இருக்கிறோம். எங்கள் பாத்ரூம் ஒழுகி, கீழ் வீட்டு சீலிங்கில் ஈரம் இறங்குகிறது. அடுத்த வாரம் கொத்தனாரையும் பிளம்பரையும் அனுப்புவதாக ஓனர் சொல்கிறார். போன முறை வந்தவர்கள் ஹாலிலேயே கலவை போட்டார்கள். பீரோவுக்குள் இருந்த பட்டுப்புடவை வரை தூசி ஏறிவிட்டது. இந்த முறை என்ன ஏற்பாடு செய்துகொள்ளலாம்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: ஹாலில் கலவை போட்டதற்கு அலட்சியம் மட்டுமே காரணம் இல்லை. சிமெண்டில் தண்ணீர் பட்டு அரை மணி, முக்கால் மணிக்குள் கலவையைப் பயன்படுத்திவிட வேண்டும். கீழே கலந்து மூன்று மாடி தூக்கி வந்தால் பாதி வீணாகும், சித்தாளுக்கு முதுகும் ஒடியும். அதனால் வேலை நடக்கிற இடத்துக்குப் பக்கத்தில், கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கவே எந்தக் கொத்தனாரும் பார்ப்பார். நீங்கள் இடம் காட்டாவிட்டால் அவர் கண்ணில் படுவது ஹால்தான். பால்கனி இருந்தால் அங்கே ஒரு பழைய தகரமோ பிளைவுட் பலகையோ போட்டு வையுங்கள். பால்கனி இல்லையென்றால் இரும்புச் சட்டியிலேயே கலந்து பாத்ரூமுக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு பாத்ரூம் ஒட்டுவேலைக்குச் சட்டி அளவுக் கலவை தாராளமாகப் போதும்.

வாசலிலிருந்து பாத்ரூம் வரை ஆட்கள் நடக்கும் பாதையில் முதலில் பழைய அட்டை, அதற்கு மேல் கோணிச் சாக்கு விரியுங்கள். பிளாஸ்டிக் ஷீட் வேண்டாம். ஈரக் காலில் வழுக்கும். மணல் அதன்மேல் தங்காமல் உருண்டு இரண்டு பக்கமும் டைல்ஸுக்கு வந்துவிடும். சாக்கின் நூலிழை மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டைல்ஸில் கீறல் விழுவது பெரும்பாலும் கடப்பாரையால் அல்ல, செருப்புக்கு அடியில் அரைபடும் மணலால். மதியம் சாப்பாட்டு நேரத்தில் சாக்கை நான்கு மூலையும் சேர்த்துத் தூக்கி, வெளியே உதறிவிட்டு மறுபடி விரித்துவிடுங்கள்.

தூசிக்கு வருவோம். டைல்ஸ் உடைக்கும்போதும், பைப் பதிக்கச் சுவரில் கட்டர் மெஷினால் கோடு வெட்டும்போதும் கிளம்புவது மாவு போன்ற நயமான தூசி. மூடிய பீரோவின் கதவிடுக்கிலும் புகுவது இதுதான். உடைக்கப்போகும் இடத்தை ஸ்பிரே பாட்டிலால் நன்றாக நனைத்துவிட்டுத் தொடங்கச் சொன்னால் தூசி வெகுவாக அடங்கும். ஆனால் மின்சார கட்டர் ஓடும்போது அதன்மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, ஷாக் அடிக்கும். முன்கூட்டி நனைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஹால் ஃபேனையும் ஏசியையும் அணைத்துவிடுங்கள். பாத்ரூம் ஜன்னல் வெளிப்பக்கம் திறந்திருக்கட்டும். பாத்ரூம் கதவை மூடி, அடியில் நனைத்த பழைய வேட்டியைச் சுருட்டி வைத்தால் ஹாலுக்கு வருவது பெரிதும் குறையும். படுக்கையறைக் கதவுக்கும் அப்படியே. பீரோ, அலமாரிக் கதவு இடுக்குகளில் பெயிண்டர் பயன்படுத்தும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். சாதாரண செல்லோ டேப் ஒட்டினால் உரிக்கும்போது பாலிஷும் சேர்ந்து வரும். ஓடிக்கொண்டிருக்கும் ஃப்ரிட்ஜை முழுக்கச் சுற்றிக் கட்டிவிடாதீர்கள், அதன் சூடு வெளியேற வழி வேண்டும்.

அந்தத் தூசியில் சிலிக்கா கலந்திருக்கிறது. தினமும் சுவாசிக்கிறவர்களுக்கு நுரையீரலைக் கெடுக்கும் பொருள் அது. வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு மாஸ்க் வாங்கி வைப்பது பெரிய செலவு இல்லை. குழந்தைகள், ஆஸ்துமா உள்ளவர்கள் உடைக்கிற அன்று பகலில் வேறு இடத்தில் இருப்பது நல்லது.

அடுத்தது, பலரும் மறந்துவிடும் விஷயம்: பாத்ரூம் தரையில் தண்ணீர் போகும் நஹானி ட்ராப். உடைத்த துண்டும் கலவையும் அதற்குள் விழுந்து இறுகிவிட்டால், வேலை முடிந்த மறுநாள் குளித்த தண்ணீர் கணுக்காலுக்கு நிற்கும். அதை எடுக்க மறுபடியும் தரையை உடைக்க வேண்டியிருக்கும். வேலை தொடங்கும் முன் ட்ராப்புக்குள் பிளாஸ்டிக் பையில் சுற்றிய துணிப்பந்தை இறுக்கமாக அடைத்து, ஒரு கயிறு கட்டி வெளியே நீட்டி விடுங்கள். கயிறு இல்லாவிட்டால் அதை எடுக்க மறந்து, அதன்மேலேயே ஜாலியை, அதாவது ஓட்டை போட்ட மூடியைப் பொருத்திவிட்டுப் போய்விடுவார்கள். டாய்லெட் கோப்பையையும் மூடிக் கட்டிவிடுங்கள். சட்டி கழுவிய தண்ணீரை அதில் ஊற்றும் பழக்கம் சிலரிடம் உண்டு.

இதையெல்லாம் காலையில், அவர்கள் சாமான் பையைத் திறக்கும் முன் மேஸ்திரியிடம் சொல்லிவிடுங்கள். "மேஸ்திரி, கலவைக்குப் பால்கனியில தகரம் போட்டிருக்கேன். உடைச்சதெல்லாம் இந்தச் சாக்குல போகட்டும். சாயங்காலம் கிளம்பறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் கூட்டி அள்ளிடணும், அதையும் சேர்த்தே கூலி பேசிக்குங்க." கடைசி வாக்கியம் முக்கியம். கூட்டுவது கூலிக்குள் இல்லையென்றால் அது யாருடைய வேலையும் இல்லை.

கேள்வி: நூறு வருஷத்துப் பழைய வீட்டில் ஒரு போர்ஷனில் இருக்கிறோம். சிவப்பு ஆக்சைடு தரை, கண்ணாடி மாதிரி இருந்தது. வேலைக்கு வந்தவர் சிமெண்ட் சிந்தி, அது போகவில்லை என்று ஆசிட் ஊற்றித் தேய்த்தார். இப்போது அந்த இடம் வெளிறி சொரசொரப்பாக இருக்கிறது. பழையபடி ஆக்க முடியுமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: முழுக்கப் பழையபடி ஆகாது. சிவப்பு ஆக்சைடு தரையே சிமெண்ட்தான், நிறம் சேர்த்துத் தேய்த்து மெருகேற்றியது. ஆசிட் சிந்திய சிமெண்டைக் கரைத்த அதே வேகத்தில் தரையையும் கரைத்திருக்கிறது. இன்னும் கெடாமல் நிறுத்தலாம், பார்வைக்குச் சரிசெய்யலாம். முதலில் நிறையத் தண்ணீர் விட்டு மூன்று நான்கு முறை கழுவுங்கள். பிறகு அரை பக்கெட் தண்ணீரில் இரண்டு கைப்பிடி சமையல் சோடா கரைத்து அந்த இடத்தில் ஊற்றுங்கள். நுரைத்தால் உள்ளே ஆசிட் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். நுரை வராத வரை திரும்பச் செய்து, நல்ல தண்ணீரில் கழுவி, இரண்டு நாள் முழுக்கக் காயவிடுங்கள். அதன் பிறகு பருத்தித் துணியில் தேங்காய் எண்ணெய் சில சொட்டு மட்டும் தொட்டு, வட்டமாகத் தேய்த்து, அரை மணி கழித்து உலர்ந்த துணியால் துடைத்தெடுங்கள். எண்ணெயை அள்ளி ஊற்றினால் தூசி ஒட்டிக் கறுத்துப்போகும், வழுக்கவும் செய்யும். வாரம் ஒரு முறையாகச் செய்துவர வெளிறல் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். சிவப்பு வேக்ஸ் பாலிஷும் போடலாம். சொரசொரப்பு ஆழமாக இருந்தால் மெஷின் பாலிஷ்காரர்தான் வர வேண்டும். அந்தச் செலவு ஆசிட் ஊற்றியவரை அனுப்பியவருடையது என்று ஓனரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

இனி சிமெண்ட் சிந்தினால்: ஈரமாக இருக்கும்போதே ஸ்பாஞ்ச், தண்ணீர், வேறொன்றும் வேண்டாம். காய்ந்துவிட்டால் ஈரத்துணியைப் போட்டு ஊறவைத்து, மரச்சில்லாலோ பழைய பிளாஸ்டிக் கார்டாலோ பக்கவாட்டில் தள்ளிப் பெயர்த்தெடுங்கள். கத்தியும் இரும்பு நாரும் கூடாது. வெள்ளைப் படலம் மட்டும் மிஞ்சினால், தரை விட்ரிஃபைட் அல்லது செராமிக் டைல்ஸாக இருந்தால், ஒரு பங்கு வினிகருக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து துடைத்து உடனே கழுவலாம். மார்பிள், மொசைக், சிவப்புத் தரை, ஆத்தங்குடி கல் எதிலும் வினிகர்கூடப் படக் கூடாது.

ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடர் போடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. வேலையாட்கள் ஒரு கையில் ஆசிட் பாட்டிலும் இன்னொரு கையில் பவுடருமாகப் போவதைப் பார்த்தால், கூச்சப்படாமல் நிறுத்துங்கள்.

கேள்வி: "என் வீட்டு ரிப்பேருக்கு ஆள் அனுப்புறதோட என் வேலை முடிஞ்சது, சுத்தம் பண்றது, அடைப்பெடுக்கறது எல்லாம் உங்க பாடு" என்கிறார் வீட்டு உரிமையாளர். சொல்லாமல் கொள்ளாமல் ஆளும் அனுப்புகிறார். சட்டம் என்ன சொல்கிறது?
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவருடைய உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டம் 22.2.2019 முதல் நடப்பில் இருக்கிறது. யார் எந்தப் பராமரிப்பைச் செய்ய வேண்டும் என்று அதன் இரண்டாவது அட்டவணை பிரித்துச் சொல்கிறது. வாடகைதாரர் கெடுத்தது தவிர்த்த கட்டட ரிப்பேர், சுவருக்கு வெள்ளை, கதவு ஜன்னல் பெயிண்ட், பைப் மாற்றுவது, மின்சார வயரிங் ஆகியவை உரிமையாளர் பக்கம். டேப், வாஷர் மாற்றுவது, சாக்கடை அடைப்பெடுப்பது, வாஷ் பேசின், கீசர் ரிப்பேர், ஸ்விட்ச், சாக்கெட், பூட்டு, கைப்பிடி, ஜன்னல் கண்ணாடி ஆகியவை வாடகைதாரர் பக்கம். நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதற்கு முதலிடம். ஆகவே முதலில் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள்.

அடைப்பெடுப்பது உங்கள் பொறுப்பு என்று அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. தினப்படிப் புழக்கத்தில் தலைமுடியும் சோப்புப் பிசினும் சேர்ந்து வரும் அடைப்பு உங்களுடையது. அவர் அனுப்பிய ஆள் கலவையைக் கொட்டி வந்த அடைப்பு அவருடையது என்பது எங்கள் உறுதியான கருத்து. அதைக் காட்ட உங்களிடம் ஆதாரம் வேண்டும். வேலைக்கு முன் தரை, ட்ராப், சுவர், டேப் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றி அது தங்குதடையின்றிப் போவதை வீடியோ எடுங்கள். வேலை முடிந்ததும் அதே இடங்களை, அதே கோணத்தில். இரண்டையும் அன்றைக்கே ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது அட்வான்ஸில் கழிப்பேன் என்று பேச்சு வந்தால் காப்பாற்றப்போவது இந்தப் படங்கள்தான்.

முன்னறிவிப்பைப் பொறுத்தவரை, ரிப்பேருக்காகவோ பார்வையிடவோ உள்ளே வர, குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பது அதே சட்டத்தில் உள்ளது. வெள்ளம், தீ போன்ற அவசரம் மட்டும் விலக்கு. சட்டப் பிரிவை முகத்துக்கு நேரே நீட்டாமல், "ஐயா, ஒரு நாள் முன்னாடி மெசேஜ் போட்டுட்டீங்கன்னா சாமானெல்லாம் ஒதுக்கி வெச்சிடுவோம், வேலையும் சுருக்கா முடியும்" என்று கேளுங்கள். பெரும்பாலான இடங்களில் இதுவே போதும்.

கேள்வி: ஏசி சர்வீஸ் செய்ய வந்தவர் தண்ணீர் அடித்ததில் சுவரெல்லாம் கறுப்புக் கோடு. எப்படித் தவிர்ப்பது?
– வாசகி, மன்னார்குடி

பதில்: கறுப்பாக வருவது ஏசிக்குள் இருக்கும் உருளை ஃபேனில் படிந்த அழுக்கும் பூஞ்சையும். யூனிட்டுக்கு அடியில் புனல் மாதிரி கட்டும் வாஷ் கவர் என்று ஒன்று இருக்கிறது. அதன் குழாய் முனையை பக்கெட்டில் விட்டுவிட்டால் சுவரில் சொட்டு விழாது. போன் செய்யும்போதே "கவர் இருக்கா?" என்று கேளுங்கள். இல்லை என்பவரை வரவழைக்காதீர்கள். மெயின் ஸ்விட்சை அணைத்த பிறகே தண்ணீர் அடிக்க வேண்டும். சர்க்யூட் போர்டு இருக்கும் பக்கத்தை பாலிதீனால் மூட வேண்டும். முடிந்ததும் யூனிட்டின் தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றி, வெளிப்புறக் குழாயில் அது வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அழுக்கு அங்கே போய் அடைத்திருக்கிறது, இரவே அறைக்குள் சொட்டும். சுவரில் பட்ட கறையை ஈரமாக இருக்கும்போதே துடையுங்கள். எமல்ஷன் சுவரானால் சோப்புத் தண்ணீர் தொட்ட துணி போதும். டிஸ்டம்பர் சுவரில் தேய்த்தால் நிறமே கையோடு வந்துவிடும், ஒற்றி மட்டும் எடுக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் அபார்ட்மெண்டில் மொட்டை மாடி டேங்கைக் கழுவினார்கள். அன்றிலிருந்து டேப்பில் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது. வெள்ளை வேட்டி துவைத்தால் பழுப்புக் கறை. சுத்தம் செய்த பிறகு ஏன் இப்படி?
– வாசகர், திருவாரூர்

பதில்: டேங்கைக் கழுவினார்கள், ஆனால் கழுவிய சேற்றை உங்கள் வீட்டுப் பைப்புக்குள் அனுப்பிவிட்டார்கள். இரண்டு தொல்லைக்கும் தனித்தனிக் காரணம் இருக்கிறது.

டேங்கின் வெளியேறு குழாய் தரைமட்டத்திலிருந்து கொஞ்சம் உயரத்தில் இருக்கும். அதற்குக் கீழே தேங்கும் நீரில்தான் வண்டல் படிந்திருக்கும். தேய்த்து விட்டு மேலிருந்து ஹோஸால் வேகமாக அடித்தால் வண்டல் கலங்கி மேலேறி அந்தக் குழாய் வழியாகவே போகும். சரியான முறை: முதலில் டேங்கிலிருந்து வீட்டுக்குப் போகும் கேட் வால்வுகளை மூட வேண்டும். தண்ணீரை ஏறக்குறைய காலி செய்து, அடியில் மிஞ்சும் அரை அடி நீரையும் சேற்றையும் குவளையால் மொண்டு பக்கெட்டில் எடுத்து, கடைசியில் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். அதன் பிறகு ஒரு முறை அலசி அந்த நீரையும் மொண்டே வெளியேற்ற வேண்டும். நேரம் பிடிக்கும் என்பதால் தவிர்க்கிறார்கள். அசோசியேஷன் சார்பாக ஒருவர் மாடியில் நின்று வால்வு மூடியிருப்பதை மட்டும் பார்த்துக்கொண்டாலே பாதி சரியாகிவிடும்.

இப்போது உங்கள் வீட்டில்: டேப் நுனியில் திருகிக் கழற்றக்கூடிய சிறிய சல்லடை இருக்கும். கழற்றிப் பார்த்தால் மணலும் பச்சைப்பாசித் துணுக்கும் அப்பியிருப்பது தெரியும். பழைய டூத் பிரஷால் தேய்த்து, உப்புப் படிந்திருந்தால் ஒரு மணி நேரம் வினிகரில் ஊறவைத்து மாட்டுங்கள். சல்லடை இல்லாமல் டேப்பை முழுசாகத் திறந்து ஐந்து நிமிடம் தண்ணீரை பக்கெட்டுகளில் பிடித்துவிட்ட பிறகே மாட்ட வேண்டும். ஷவர் தலைப்பையும் அப்படியே. வாஷிங் மெஷினுக்குத் தண்ணீர் வரும் ஹோஸைக் கழற்றினால், மெஷின் பக்கத்தில் விரல்நுனி அளவு வலை ஒன்று இருக்கும். இடுக்கியால் மெதுவாக இழுத்துக் கழுவுங்கள். அடுத்த முறை டேங்க் கழுவும் அன்று கீசர், வாஷிங் மெஷின், வாட்டர் ப்யூரிஃபையர் மூன்றின் நுழைவாயில் டேப்பையும் காலையிலேயே மூடிவிடுங்கள். கீசருக்குள் மணல் போனால் எடுப்பது எளிதில்லை.

பழுப்புக் கறைக்குக் காரணம் பெரும்பாலும் போர் தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பு. கரைந்திருக்கும்போது தண்ணீர் தெளிவாகவே தெரியும். பிளீச்சிங் பவுடர் பட்டதும் அந்த இரும்பு துருவாகப் பிரிந்து வந்து துணியில் ஏறும். டேங்கில் பவுடர் போட்ட அன்றும் மறுநாளும் வெள்ளைத் துணி துவைக்காதீர்கள். ஏறிய கறைக்கு மறுபடி பிளீச் போட்டால் இன்னும் அழுத்தமாகும். எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து வெயிலில் வைத்து அலசுங்கள்.

பவுடர் அளவு குத்துமதிப்பாகப் போடப்படுவதால் இதையும் குறித்துக்கொள்ளுங்கள். கழுவிய டேங்கைக் கிருமிநீக்கம் செய்ய 1000 லிட்டருக்கு நல்ல வீரியமுள்ள பவுடர் 150 கிராம். பக்கெட்டில் கரைத்துத் தெளியவிட்டு, மேலே தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்புக் கசடு டேங்குக்குள் போகக் கூடாது. நான்கு மணி நேரம் நிறுத்தி, முழுக்க வெளியேற்றி, புதுத் தண்ணீர் நிரப்ப வேண்டும். வெளியேற்றும் நீர் தோட்டத்துக்கோ மீன் இருக்கும் குளத்துக்கோ போகாமல் பாருங்கள். அன்றாடப் பயன்பாட்டுத் தண்ணீருக்கு இது மிக அதிகம். அதற்கு 1000 லிட்டருக்கு ஏறக்குறைய 2.5 கிராம்தான், அரை மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம். பிரித்து வைத்த பழைய பவுடர் காற்று பட்டு வீரியம் இழந்திருக்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் புதுப் பாக்கெட் வாங்குவதே சரி.

கேள்வி: வருகிற ஆட்களைக் கடிந்து பேசவும் மனமில்லை, வீடு நாசமாவதைப் பார்க்கவும் முடியவில்லை. எப்படிப் பேசுவது?
– வாசகி, நாகப்பட்டினம்

பதில்: யாரிடம் பேசுவது என்பதிலேயே பலர் தவறிவிடுகிறார்கள். கண்ணெதிரே கலவை சிந்துகிறவர் சித்தாளாக வரும் அக்காவோ பையனோ. அவர்களைக் கடிந்து பலனில்லை. எங்கே கொட்டுவது, எப்போது கூட்டுவது என்று முடிவு செய்கிறவர் மேஸ்திரி. அவரிடம், தனியாக, மரியாதையாகச் சொல்லுங்கள். மற்றவர்கள் முன்னால் சொன்னால் அவருக்கு மானப் பிரச்சினையாகிவிடும்.

வேலை காண்ட்ராக்டா, நாள்கூலியா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். காண்ட்ராக்டில் வந்தவர் சீக்கிரம் முடித்து அடுத்த இடத்துக்கு ஓட வேண்டியவர். சுத்தம் செய்யும் அரை மணி அவருக்கு நஷ்டம். அங்கே ஓனரிடம் பேசி, சுத்தத்தையும் காண்ட்ராக்டில் எழுதவைத்து, பத்தில் ஒரு பங்குப் பணத்தைக் கடைசிப் பார்வைக்குப் பிறகு தரச் சொல்லுங்கள். நாள்கூலியானால் ஐந்து மணிக்கே வேலையை நிறுத்தச் சொல்லி, மிச்ச நேரத்தைக் கூட்டுவதற்கு விடலாம்.

பெரும்பாலான இடங்களில் அள்ளிக் கூட்டிக் கழுவும் வேலை சித்தாளாக வந்த பெண்ணின் தலையில்தான் விழுகிறது. மேஸ்திரி கை கழுவிவிட்டு பைக்கை எடுக்கும் நேரத்தில், அந்தப் பெண் பஸ்ஸைத் தவறவிட்டுக் கூட்டிக்கொண்டிருப்பார். ஆறு மணிக்கு மேல் நிற்க வைத்தால் அந்த நேரத்துக்கான கூலியை அவர் கையிலேயே கொடுங்கள். சுத்தமும் நன்றாக நடக்கும், நியாயமும் அதுதான்.

இன்னொன்று, கை கழுவ இடம். அவர்களுக்கென்று ஒரு பக்கெட், குவளை, பழைய துண்டு, பால்கனியில் வைத்துவிடுங்கள். கை கழுவ வழியில்லாதவர் சிமெண்ட் கையோடுதான் ஸ்விட்ச் போடுவார், கதவைத் திறப்பார். ஸ்விட்ச் போர்டைச் சுற்றி நீங்கள் பார்க்கும் சாம்பல் நிறக் கைத்தடங்கள் அப்படி வந்தவை. எந்த டாய்லெட்டைப் பயன்படுத்தலாம் என்பதையும் காலையிலேயே காட்டிவிடுங்கள். குடிக்கத் தண்ணீரும் அதே இடத்தில் இருந்தால் அடுப்படி வரை யாரும் நடக்க வேண்டிய தேவை வராது.

கேள்வி: ஓனர் வருஷா வருஷம் பெயிண்ட் அடித்துக் கொடுக்கிறார். ஆனாலும் கீழ்ச் சுவரில் உப்புப் பூத்து மாவு மாவாக உதிர்கிறது. பெயிண்டர் சரியில்லையா?
– வாசகர், வேதாரண்யம்

பதில்: பெயிண்டர்மேல் குறை இல்லை. தரையிலிருந்து ஈரம் சுவருக்குள் ஏறும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு ஏறுகிறது. மேற்பரப்பில் ஈரம் காயும், உப்பு தங்கிப் படிகமாகி, பூச்சை உள்ளிருந்து தள்ளும். புட்டியும் பிளாஸ்டிக் பெயிண்டும் ஈரத்தை வெளியேற விடாமல் மூடுவதால் இன்னும் பெரிய பொருக்காக உரிகிறது. ஈரக்கோட்டுக்கு மேல் ஒரு அடி வரை பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, செங்கல் காய்ந்த பிறகு வாட்டர்ப்ரூஃபிங் சேர்த்துப் புதிதாகப் பூசுவதுதான் ஓரளவு நிற்கும். அது கட்டட ரிப்பேர், உரிமையாளருடைய செலவு. அதைத் தை முதல் பங்குனிக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் எந்தப் பூச்சும் காயாது. அதுவரை அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு வெள்ளையே மேல், சுவர் மூச்சுவிடும். பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடையாவது தள்ளி வையுங்கள். உதிரும் மாவைத் துடைப்பத்தால் தட்டாமல் உலர்ந்த துணியால் வழித்தெடுங்கள். தண்ணீர் போட்டுத் துடைத்தால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போய்விடும்.

கேள்வி: உடைத்த குப்பையை இரவில் வாய்க்காலில் கொட்டிவிட்டுப் போகிறார்கள். வேறு வழி என்ன? லிஃப்டில் ஏற்றி இறக்குவதிலும் அசோசியேஷனில் சண்டை.
– வாசகர், ஸ்ரீரங்கம்

பதில்: வாய்க்காலில் கொட்ட விடாதீர்கள். ஐப்பசி மழையில் தெருவே மூழ்குவதற்கு இப்படி விழுந்த செங்கல் துண்டுகளும் ஒரு காரணம். அன்றாடம் குப்பை எடுக்க வருகிறவர்கள் கட்டடக் கழிவை எடுக்க மாட்டார்கள் என்பதால், வேலை பேசும்போதே "ரப்பீஷ் எடுத்துட்டுப் போற வண்டிக் கூலி யாருது?" என்று ஓனரிடம் கேட்டுவிட வேண்டும். செங்கல், கல், பூச்சுத் துண்டுகளைத் தனியாகச் சேர்த்தால், புதிதாக வீடு கட்டுகிறவர்கள் அஸ்திவார நிரப்புக்கு வாங்கிக்கொள்வார்கள். கண்ணாடி, பிளாஸ்டிக் பைப், டைல்ஸ் அட்டைப்பெட்டி இவற்றோடு கலந்துவிட்டால் யாரும் தொட மாட்டார்கள். சிமெண்ட் சாக்கில் பாதி மட்டும் நிரப்புங்கள். பாதிச் சாக்கே இருபது கிலோவைத் தாண்டும். முழுச் சாக்கு படிக்கட்டில் கிழிந்தால் நான்கு மாடிக்கும் கூட்ட வேண்டிவரும்.

லிஃப்டில் சண்டை வருவதில் நியாயம் இருக்கிறது. கதவு ஓடும் பள்ளத்தில் மணல் விழுந்தால் கதவு முழுசாக மூடாது, மூடாத கதவோடு லிஃப்ட் நகராது. சாக்கின் வாயைக் கட்டி, லிஃப்ட் தரையில் கோணியை அந்தப் பள்ளத்தையும் மூடும்படி விரித்து, கடைசி நடை முடிந்ததும் பள்ளத்தைச் சின்ன பிரஷால் உலர்வாகவே வாரி எடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. மணல் ஏற்றவும் குப்பை இறக்கவும் காலை பத்து மணிக்கு மேல், மாலை நான்கு மணிக்குள் என்று அசோசியேஷனில் நேரம் வாங்கிக்கொண்டு, வேலை நடக்கும் நாட்களை லிஃப்ட் பக்கத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: பிளம்பர் பைப்பைப் பதித்த அன்றே டைல்ஸ் ஒட்டி மூடிவிடலாம் என்கிறார். சரியா?
– வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: வேண்டாம். சிபிவிசி என்கிற பிளாஸ்டிக் தண்ணீர் பைப்பை ஒட்டும் பசை காய நேரம் வேண்டும், அது அந்த டப்பாவின் மேலேயே எழுதியிருக்கும். காய்ந்த பிறகு தண்ணீரைத் திறந்து, எல்லா டேப்பையும் மூடி, ஓர் இரவு முழுக்க அப்படியே விடச் சொல்லுங்கள். காலையில் ஒவ்வொரு இணைப்பையும் டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவும் பேப்பரில் தெரியும். ஈரம் இருந்தால் அந்த இணைப்பை வெட்டி எடுத்துப் புதிதாகப் போட வேண்டும், மேலே எம்-சீல் (கசிவை அடைக்கும் பசை) அப்பி மூட விடாதீர்கள். எல்லாம் உலர்வாக இருந்தால், மூடும் முன் சுவரில் பைப் போகும் பாதையை அளவு டேப்பைப் பக்கத்தில் பிடித்துப் போட்டோ எடுத்து, ஓனருக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள். பின்னால் ஆணி அடிக்கிறவர் பைப்பில் அடிக்காமல் இருக்க அது வேண்டும்.